பேராதனை: ஒரு விடுதி, இரண்டு வகுப்பறை

மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் மகாவலியை முதலில் பார்ப்பது மன்னம்பிட்டியில். 2007 வரை அங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே இரும்புப் பாலம்தான். ரயில் வருகிறதென்றால் பஸ் ஓரமாக நிற்கும். சாரதி இறங்கி சிகரெட் பற்றவைப்பார். நான் பேராதனையில் படித்த தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதோடு சோதனைச் சாவடிகளும் சேர்ந்துகொண்டன. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையைக் காட்டு, எதற்குப் போகிறாய் என்று சொல், திரும்ப ஏறு. செங்கலடியில் பிரிந்து மகாஓயா, மகியங்கனை வழியாகப் போகிற கிட்டிய பாதை யுத்தத்தில் அடைபட்டுக் கிடந்தது. ஆகவே வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று சுற்றித்தான் கண்டிக்குப் போய்ச் சேரவேண்டும்.

2024 பங்குனியில் மறுபடி பேராதனைக்குப் புறப்பட்டபோது மகியங்கனைப் பாதை திறந்தே கிடந்தது. இருந்தும் வேண்டுமென்றே பழைய சுற்றுப்பாதையில் போகிற பஸ்ஸில்தான் ஏறினேன். வீட்டில் சிரித்தார்கள். மன்னம்பிட்டியில் புதுப் பாலத்தை பஸ் ஒரு மூச்சில் தாண்டிவிட்டது. பக்கத்தில் பழைய பாலம் ரயிலுக்கு மட்டும் என்று நின்றது. ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் அட்டை கேட்கவில்லை. முன் ஆசனத்துப் பிள்ளை போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. என் கை மட்டும் சட்டைப்பைக்குப் போய் வந்தது.

மணலும் நாணலுமாக அங்கே அகன்று கிடக்கிற இந்த ஆறுதான் மேலே மலையில் பேராதனை வளாகத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. கடைசியில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கம்பஸ் போவதென்றால் ஆற்றுக்கு எதிர்த்திசையில் போவது.

கண்டி நகரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாகன நெரிசல் முன்னைவிட மோசம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் மாறி, கெட்டம்பே தாண்டி, கலகா சந்தியில் இறங்கினேன். பேராதனைத் தாவரவியல் பூங்கா அங்கிருந்து கிட்டத்தான். உல்லாசப் பயணிகள் அதற்குள் போவார்கள். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை வைத்திருந்ததும் அங்கேதான். நான் திரும்பியது கலகா வீதியில்.

ரொபரோசியா பூத்திருந்தது. இலை முழுவதும் கொட்டி, கிளை தெரியாமல் இளஞ்சிவப்புப் பூ. ஒருபக்கம் ஹந்தானை மலை, மறுபக்கம் மகாவலி, நடுவே வீதி. இத்தனை வருடத்தில் உலகத்தில் வேறு பல்கலைக்கழகங்களையும் பார்த்தாயிற்று. அழகில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு இன்னும் ஒன்று அகப்படவில்லை. ஆனால் இந்த அழகு சும்மா வந்ததல்ல, நோக்கத்தோடு தேர்ந்தெடுத்தது.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரிதான் வந்தது. முழுப் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது, கொழும்பிலா கண்டியிலா என்று பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் வருடக்கணக்காக அடிபட்டார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே தொடங்கியது. 1952இல்தான் பேராதனைக்கு நகர்ந்தது. அருணாசலம் 1924இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரில் ஒரு விடுதியும், தமையன் இராமநாதன் பெயரில் ஒன்றும், நீதியரசர் அக்பர் பெயரில் ஆற்றுக்கு அக்கரையில் ஒன்றும் இருக்கின்றன. ஜயதிலக, விஜேவர்தன, ஜேம்ஸ் பீரிஸ், ஹில்டா ஒபேசேகர என்று மற்றப் பெயர்கள் போகும்.

முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் ஆங்கிலேயர், அரசியலமைப்புச் சட்ட வல்லுநர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போல மாணவர் எல்லாரும் உள்ளேயே தங்கிப் படிக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். யாழ்ப்பாணத்தானும் மாத்தறையானும் ஒரே மேசையில் சோறு தின்று, ஒரே கூடத்தில் மேசைப்பந்து அடித்து, மூன்று நாலு வருடம் கழித்து ஒரே நாட்டுக்காரராக வெளியே போவார்கள் என்று நம்பினார். வெள்ளைக்காரக் கனவு என்று இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆங்கிலத்தில் எல்லாரும் ஒன்றாகப் படித்த அந்தச் சில வருடங்களில் அது ஓரளவு நடக்கவும் செய்தது. ஆங்கிலம் படிக்கக் காசும் பள்ளிக்கூடமும் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

செனட் கட்டடத்தின் கற்றூண்களையும் கண்டியக் கூரையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். அவர் பெயரில் வளாகத்தில் ஒரு தடாகம் உண்டு. 1989 ஒக்டோபரில் ஒரு காலை, அந்தத் தடாகத்தைச் சுற்றி வெட்டிய தலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜே.வி.பி. கிளர்ச்சியையும் அதை அடக்கிய விதத்தையும் பற்றி நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. தடாகத்தருகே இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அருணாசலம் விடுதி வாசலில் காவலாளி என்னை நிறுத்தி விசாரித்தார். பழைய மாணவன் என்றதும் எந்த பச் என்று கேட்டார். சொன்னேன். ‘அப்ப யுத்த காலம்’ என்று சிங்களத்தில் சொல்லி உள்ளே விட்டார்.

எனக்குக் கிடைத்த அறையில் அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சிங்களப் பையன் ஒருவன் ஏற்கெனவே கட்டிலைப் பிடித்திருந்தான். பட்டியல் ஒட்டிய அன்றே தமிழ்ப் பையன்கள் அறை மாற்றத் தொடங்கிவிடுவது அப்போது வழக்கம். அவன் இவனிடம் கேட்டு, இவன் விடுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு கிழமைக்குள் தமிழர் தமிழரோடும் சிங்களவர் சிங்களவரோடும் ஒதுங்கிவிடுவார்கள். யாரும் யாரையும் வெறுத்துச் செய்வதில்லை. இரவில் நிம்மதியாகத் தாய்மொழியில் பேசிப் படுக்கவேண்டும், அவ்வளவுதான். என்னோடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை. அவனோடும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

அவனும் நானும் கலைப்பீடம். முதலாம் ஆண்டில் இரண்டு பேரும் பொருளியல் எடுத்திருந்தோம். ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை நாள். ஆனால் அவன் போகிற வகுப்பு வேறு, நான் போகிற வகுப்பு வேறு. அவனுடைய மண்டபத்தில் இடம் இல்லாமல் படியில் உட்காருவார்கள். எங்கள் தமிழ்மொழி வகுப்பில் ஐந்து வாங்கு நிரம்பினாலே பெரிய காரியம். இரவில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரே ஆங்கிலப் புத்தகத்தை மேசை நடுவில் வைத்து, அவன் மலலசேகர அகராதியும் நான் லிப்கோ அகராதியுமாகப் பிரித்துக்கொண்டு உட்காருவோம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போகும். ஒரு வசனத்தின் பொருளை அவன் முதலில் பிடித்தால் அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்வான், நான் தமிழில் எழுதுவேன். நான் முதலில் பிடித்தால் மறுவளம். பரீட்சைக்கு முன் மாணவர்களே நடத்துகிற குப்பி வகுப்புகளிலும் இதே கதைதான். விடுதித் தாழ்வாரத்தின் ஒரு முனையில் சிங்களக் குப்பி, மறு முனையில் தமிழ்க் குப்பி.

கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிப்பது 1960இல் தொடங்கியது. அது வேண்டாததல்ல. ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பிள்ளை, என்னைப் போல ஒருவன், பல்கலைக்கழகப் படியேற அதுதான் வழிவிட்டது. அம்பாந்தோட்டைக்காரனுக்கும் அப்படியே. ஆனால் ஜெனிங்ஸ் விடுதியில் சேர்த்ததை அந்த நேர அட்டவணை வகுப்பறையில் பிரித்தது. கலவரங்கள் பிரித்ததைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். காலை எட்டு மணிக்கு எட்டாம் இலக்க மண்டபத்துக்கு ஒருவன், பன்னிரண்டாம் இலக்கத்துக்கு மற்றவன் என்று அமைதியாக, சண்டையில்லாமல், சட்டப்படி பிரிந்ததைப் பற்றி எழுதுகிறவர் குறைவு. என் கணக்கில் இதுதான் பெரிய பிரிப்பு.

இதற்கு எதிராக ஒரு சாட்சி பேராதனையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அடுத்து ‘வள’ என்று எல்லாரும் சொல்கிற திறந்தவெளி அரங்குக்கு நடந்தேன். சரிவான நிலம், படிப்படியாக இருக்கை, கீழே மேடை, மேலே மரக்கிளை. சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரில் வழங்கும் இந்த அரங்கில்தான் 1961இல் அவருடைய ‘சிங்கபாகு’ மேடையேறியது.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1956 நவம்பரில், பேராதனை மாணவர்களை வைத்து அவர் ‘மனமே’ நாடகத்தைக் கொழும்பில் போட்டார். சிங்கள நவீன நாடகத்தின் பிறப்பு என்று சிங்களவர் அதைக் கொண்டாடுகிறார்கள். அதன் உருவம் நாடகம என்கிற பழைய கிராமியக் கலை. நாடகமவுக்கு வேர் தமிழ்க் கூத்து. சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1956தான். வரலாறு சில வேளை இப்படிக் குசும்பு பண்ணும்.

பேராதனைத் தமிழ்த்துறையில் அப்போது சு. வித்தியானந்தன் இருந்தார். சுவாமி விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவருக்குப் பின் க. கணபதிப்பிள்ளை, அந்தப் பரம்பரையில் வந்தவர் இவர். சிங்களவர் தங்கள் கிராமத்துக் கலையை எடுத்துப் பல்கலைக்கழக மேடையில் நிறுத்தினதைப் பார்த்தவர், நாங்கள் ஏன் எங்கள் கூத்தை விட்டுவைக்கவேண்டும் என்று இறங்கினார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர்களைத் திரட்டினார். அங்கிருந்தே கூத்து ஆசானான அண்ணாவியாரை அழைப்பித்துப் பழக்கினார். 1962இல் வடமோடிக் கூத்தாக ‘கர்ணன் போர்’, அடுத்த வருடம் தென்மோடிக் கூத்தாக ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, பிறகு ‘வாலிவதை’.

எங்கள் பக்கத்தில் கூத்தென்றால் வட்டக்களரி. சுற்றிவர ஊர்ச்சனம் இருக்கும். இரவு தொடங்கினால் விடியத்தான் முடியும். வரவு ஆட்டத்துக்கே ஒருவருக்கு அரை மணி போகும். நடுச்சாமத்தில் குழந்தைகள் பாயில் தூங்கும், கிழவிகள் வெற்றிலை இடிப்பார்கள், மத்தளம் மட்டும் ஓயாது. இதை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கி, மூன்று பக்கம் அடைத்த மேடையில் ஒரு பக்கம் பார்த்து ஆடுகிற மாதிரி மாற்றுவது சின்ன வேலையல்ல. எதை வெட்டுவது, எந்தத் தருப் பாட்டை வைத்துக்கொள்வது, வட்டமாகச் சுற்றுகிறவனை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. வெட்டினதில் கூத்தின் உயிர் போயிற்று என்று அப்போதும் பழைய ஆட்கள் முறைப்பட்டார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் படித்த தமிழன் கூத்தைப் பட்டிக்காட்டு வேலை என்று முகம் சுளித்த காலத்தில், ‘இராவணேச’னைப் பார்க்க யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சனம் திரண்டது அந்த வெட்டினால்தான். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னால் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து அதே நாடகத்தை மறுபடி மேடையேற்றினார். எங்கள் மாமா ஒருவர் அந்நாளில் அதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, ‘கம்பஸ் பொடியன் ஆடுறானடா, நம்மட அண்ணாவி தோத்துப்போவார்’ என்று சொன்னது குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு.

தமிழ்க் கூத்திலிருந்து சிங்கள நாடகம், சிங்கள நாடகத்தைப் பார்த்துத் தமிழ்க் கூத்தின் மறுபிறப்பு. இரண்டும் ஒரே வளாகத்தில், பக்கத்துப் பக்கத்துத் துறைகளில், ஒருவர் ஒத்திகையை மற்றவர் எட்டிப் பார்த்ததால் நடந்தது. வெவ்வேறு ஊர்களில் இருந்திருந்தால் நடந்திருக்காது.

பிறகு வெவ்வேறு ஊர்களுக்குத்தான் போனார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து தமிழ் மாணவர் தொகையைக் குறைத்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறந்ததும் தமிழறிஞர் கைலாசபதி அதன் தலைவராகப் போனார். வித்தியானந்தனும் போய், 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். யாழ்ப்பாணத்துக்கு அது தேவையான லாபம், பேராதனைக்குப் பெரிய நட்டம். 1983 மே மாதம், கறுப்பு யூலைக்கு இரண்டு மாதம் முந்தியே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓடவேண்டியதாயிற்று.

எங்கள் காலம் அதற்கெல்லாம் பிந்தியது. ஆனால் 1997இல் பொறியியல் பீடத்து முதலாமாண்டுத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். வதைத்தவர்களும் தமிழர்களே. மொழி ஒன்றானால் பாதுகாப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததற்கு அது பதில். அடுத்த வருடமே பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

அந்த 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை. கண்டி முழுக்கக் கொதித்தது. தமிழ் மாணவர்கள் அறைக்குள் அடைந்துகொண்டார்கள். என் அறைக்காரன் காலையில் எழும்பி, சாரத்தை மாற்றி, ‘நீ வெளியே வராதே, ஜன்னலையும் திறக்காதே’ என்று சொல்லிவிட்டுப் போய், இரண்டு சோத்துப் பார்சலோடு வந்தான். மத்தியானமும் அப்படியே. அடங்கும்வரை அதுதான் நடந்தது. குண்டைப் பற்றி அவன் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவன் தாயார் ஒவ்வொரு போயாவுக்கும் தலதாவுக்குப் பூ வைக்க வருகிறவர் என்பது எனக்குத் தெரியும்.

இந்த முறை அவனும் வந்தான். இப்போது கேகாலைப் பக்கம் ஒரு பாடசாலையில் உப அதிபர். தலை வழுக்கை, முழங்கால் வலி. கலகா சந்தித் தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டதும் அச்சு அசல் மட்டக்களப்புத் தமிழில், ‘மச்சான், இன்னும் மெலிஞ்சுதான் கிடக்காய்’ என்றான். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாடசாலையில் தமிழ்ப் பெற்றோர் யாராவது வந்தால் தன்னைத்தான் அனுப்புகிறார்கள் என்றும், அவர்கள் ‘சேர் மட்டக்களப்பா?’ என்று கேட்பதாகவும் சொல்லிப் பெருமைப்பட்டான். வடமோடித் தாளக்கட்டு ஒன்றை மேசையில் தட்டிக் காட்டினான். பிழையாகத்தான் தட்டினான். அன்றைக்கும் அதே இடத்தில்தான் பிழைவிடுவான்.

இரண்டு பேரும் சேர்ந்து வளாகத்திலுள்ள குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறினோம். பாதி வழியில் அவன் உட்கார்ந்துவிட்டான். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது, தமிழ் மாணவிகள் சிலர் ஏறி வந்தார்கள். ஒரு பிள்ளை தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம். புவியியல் படிக்கிறாள், ஆங்கில மொழியில். எங்கள் காலத்து மாதிரி இப்போதும் வகுப்பு வேறு வேறா என்று கேட்டேன்.

‘இல்ல சேர், இங்கிலிஷ் மீடியம்ங்கிறதால நாங்களும் சிங்களப் புள்ளைங்களும் ஒண்ணாத்தான் இருக்கோம். சிங்கள மீடியம், தமிழ் மீடியம் எடுத்தவங்க தனித்தனிதான்.’

கலகா, தெல்தோட்டை பஸ்கள் வளாகத்தின் நடுவால்தான் போகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையைப் பயிரிட்டது அந்தப் பக்கம். அங்கே கொழுந்து பறித்த சனம் தலைமுறை தலைமுறையாக இந்தக் கட்டடங்களைப் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு கண்டிக்குப் போய் வந்தது. இங்கே இறங்கினவர்கள் மிகக் குறைவு. அதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை சிரித்தாள்.

‘எங்க தாத்தாவும் அப்படித்தான் சேர். இது என்னா எடம்னு கேட்டா, பெரிய எடம்னு மட்டும் சொல்வாரு. நான் கெடச்சு வந்தப்ப, பஸ்ஸ விட்டு எறங்கி கேட்டுகிட்டயே நின்னாரு, உள்ள வரமாட்டேன்னுட்டாரு.’

கீழே உட்கார்ந்திருந்த என் நண்பன் அவளிடம் விடுதியில் யாரோடு இருக்கிறாய் என்று தமிழில் கேட்டான். குருநாகல் பிள்ளையோடு முதலில் போட்டார்கள், பிறகு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் கண்ட பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன உரிமை?

இதை வாசிக்கிற பெற்றோரிடம் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன். உங்கள் பிள்ளைக்குப் பேராதனை கிடைத்து, விடுதிப் பட்டியலில் பக்கத்துக் கட்டிலுக்குச் சிங்களப் பெயர் விழுந்திருந்தால், அறை மாற்றித் தரச் சொல்லித் தெரிந்தவர்களுக்குப் போன் எடுக்காதீர்கள். ஒரு தவணையாவது அந்த அறையிலேயே இருக்க விடுங்கள். வகுப்பறை எப்படி அமையும் என்பது உங்கள் கையில் இல்லை. இது உங்கள் கையில் இருக்கிறது.